வெளியே அமர்த்தப்பட்டவர்

ஜப்பானின் நாரா நகரத்தில், தோதைஜி கோயிலின் பெரிய புத்தர் மண்டபத்துக்குள் நுழையும் முன் வலப்புறம் திரும்பிப் பார்த்தால், தாழ்வாரத்து ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். தலையில் சிவப்புக் குல்லாய், தோளிலிருந்து தொங்கும் சிவப்புத் துணி, அவற்றுக்கு நடுவே கறுத்துப்போன ஒரு முகம். முதல் தடவை பார்க்கும்போது கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். மரச்சிற்பம் என்று புரிவதற்கே சில நொடிகள் ஆகும். 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று பக்கத்திலிருந்த பலகையில் எழுதியிருந்தது. பெயர் பின்சுரு, மரியாதையோடு ‘ஓ-பின்சுரு-சாமா’ என்பார்கள். நம் உடம்பில் எங்கே வலிக்கிறதோ அந்த இடத்தை அவர் உடம்பில் தடவிவிட்டு, அதே கையால் நம் உடம்பைத் தடவிக்கொண்டால் வலி போகும் என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை.

ஒசாகாவில் நான் வேலை பார்த்த மூன்று ஆண்டுகளில் நாராவுக்குப் பத்துத் தடவைக்கு மேல் போயிருக்கிறேன். நம்பாவில் கிந்தெத்சு ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் நாரா. நிலையத்திலிருந்து மான்களுக்கு நடுவே இருபது நிமிட நடை. ஒவ்வொரு தடவையும் இவரைப் பார்த்துவிட்டு வருவேன். ஒவ்வொரு தடவையும் கோபத்தோடு வருவேன். முந்நூறு ஆண்டுகளை எட்டப்போகும் ஒரு மரச்சிற்பத்தை இப்படித் திறந்தவெளியில் உட்காரவைத்து, வருகிறவர் போகிறவரெல்லாம் தடவும்படி விட்டிருக்கிறார்களே என்ற கோபம். பழைய பொருள்களின் மேல் எனக்கு உள்ள பற்று சின்ன வயதிலிருந்தே வந்தது. ஓர் ஓலைச்சுவடியை ஒருவர் எச்சில் தொட்டுப் புரட்டுவதைப் பார்த்தால்கூட எனக்கு உடம்பு கூசும்.

மரம் கல்லைப் போன்றதில்லை. வெட்டி, செதுக்கி, நூற்றாண்டுகள் ஆன பிறகும் அது காற்றிலிருக்கும் ஈரத்தை வாங்கி உப்பும். காற்று வறண்டால் சுருங்கும். நாராவின் கோடை புழுங்கித் தள்ளும். குளிர்காலம் எலும்பு வரை இறங்கும். ஆண்டு தவறாமல் உப்பிச் சுருங்கும் மரத்தில் இழையோட்டத்தின் வழியே வெடிப்பு விழும். வெளிச்சத்தில் உள்ள புற ஊதாக் கதிர்கள் மரத்தின் நார்களைப் பிணைத்துவைத்திருக்கும் லிக்னினைச் சிதைக்கும். அகலமான கூரை நீட்டம் மழையைத் தடுக்கும் என்பது உண்மைதான்; ஈரக்காற்றைத் தடுக்குமா? இவர் மேல் ஓடும் மயிர்க்கோடுகளை ஒவ்வொரு தடவையும் உற்றுப் பார்ப்பேன், போன தடவையைவிட நீண்டிருக்கின்றனவா என்று.

இத்தனைக்கும் அதே கோயிலின் தெற்குப் பெருவாயிலில் இரண்டு மரக் காவலர்கள் நிற்கிறார்கள். எட்டு மீட்டருக்கும் மேல் உயரம். 1203ஆம் ஆண்டில் உன்கேய், கைகேய் ஆகிய பெரும் சிற்பிகளும் அவர்களுடைய பட்டறையினரும் 69 நாட்களில் செய்து நிறுத்தியவை. ஆயிரக்கணக்கான துண்டுகளை இணைத்துச் செய்த அந்த உருவங்களைக் கம்பி வலைக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். 1988 முதல் 1993 வரை அவற்றைப் பிரித்தெடுத்துச் செப்பனிட்டார்கள். தேசியப் பொக்கிஷங்களாயிற்றே. அந்த வாயிலைத் தாண்டி, மண்டபத்துத் தாழ்வாரம் வரை வந்தால், இங்கே ஒரு மரச் சாமியாரின் முழங்காலை ஒரு பள்ளிக்கூடப் பையன் தட்டிக் கொண்டிருப்பான். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்த ஜப்பானிய நண்பர் ஒருவரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். பெருவாயிலுக்குப் பக்கத்திலேயே 2011இல் அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்திருக்கிறார்களே, அங்கே கண்ணாடிக்குள் வைத்துவிட்டு, வெளியே ஒரு நகலை உட்காரவைத்தால் என்ன என்று கேட்டேன். அவர் என் கேள்வியைப் புரிந்துகொள்ளச் சிரமப்பட்டது முகத்தில் தெரிந்தது. ‘உள்ளே வைத்துவிட்டால் அவரைத் தொட முடியாதே’ என்றார். தொடக் கூடாது என்பதற்காகத்தான் உள்ளே வைக்கச் சொல்கிறேன் என்றேன். அவர் தலையசைத்தார். ஒப்புக்கொண்ட தலையசைப்பில்லை அது.

நான் என் பங்குக்கு ஒரு விரதம் வைத்துக்கொண்டேன். இவரைத் தொடுவதில்லை. இத்தனை ஆயிரம் கைகளில் ஒரு கையாவது குறையட்டும்.

கிண்ணத்தால் வந்த வினை

மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ போனபோதுதான் பலகையில் இருந்த பெயரை முழுதாகப் படித்தேன். பிண்டோல பாரத்வாஜர், புத்தரின் சீடர்களில் ஒருவர். ‘பின்சுரு’ என்று இத்தனை நாள் அயலாகக் கேட்ட பெயருக்குள் நமக்குத் தெரிந்த ஒரு கோத்திரப் பெயர் ஒளிந்திருந்தது. சீனத்துக்குப் போய், அங்கிருந்து ஜப்பானுக்கு வந்த வழியில் பிண்டோலர் பின்சுரு ஆகியிருக்கிறார்.

கோசாம்பியை ஆண்ட உதயண மன்னனின் புரோகிதருக்கு மகனாகப் பிறந்தவர் என்று பாலி மொழிப் பௌத்த மரபு சொல்கிறது. பிண்டம் என்றால் சோற்றுக் கவளம். பிண்டோலர் என்றால் கவளத்துக்காகத் திரிபவர். பசி மிகுந்தவர், உணவின் மேல் ஆசை மிகுந்தவர், பெரிய பிச்சைப் பாத்திரம் வைத்திருந்தவர் என்றெல்லாம் உரைக்கதைகள் இவரைப் பற்றிச் சொல்கின்றன. பிறகு அந்த ஆசையை வென்று, பற்றறுத்து விடுதலை பெற்ற அரஹந்தர் ஆனார். சிங்க முழக்கம் செய்வோரில் முதல்வர் என்று புத்தரே இவரைப் புகழ்ந்திருக்கிறார்.

வினை ஒரு கிண்ணத்தால் வந்தது. ராஜகிருகத்துப் பெரு வணிகன் ஒருவன் சந்தனக் கட்டையில் ஒரு திருவோடு கடையச் செய்து, மூங்கில்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி அதன் உச்சியில் தொங்கவிட்டான். சித்தி பெற்றவர் எவரேனும் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தான். பல மதத்து ஆசான்கள் வந்து தோற்றுப் போனார்கள். அந்த வழியே புத்தரின் தலைமைச் சீடர்களில் ஒருவரான மொக்கல்லானரும் பிண்டோலரும் வந்தார்கள். நீங்கள் எடுங்கள் என்று இவர் சொல்ல, நீங்களே எடுங்கள் என்று அவர் சொல்ல, கடைசியில் பிண்டோலர் காற்றில் எழும்பிக் கிண்ணத்தை எடுத்து, ஊரை மூன்று முறை வானத்தில் சுற்றி வந்தார். ஜனக்கூட்டம் ஆர்ப்பரித்துக்கொண்டு பின்னால் ஓடியது. இரைச்சலைக் கேட்டுப் புத்தர் என்னவென்று விசாரித்தார். ஒரு மரப் பாத்திரத்துக்காகச் சித்தியைக் கடைப்பொருளாக்கினாயா என்று கடிந்துகொண்டார். பொதுமக்கள் முன் துறவிகள் அற்புதம் காட்டக் கூடாது, மரப் பாத்திரம் வைத்திருக்கக் கூடாது என்ற விதிகள் அன்று பிறந்தன.

அந்தக் கிண்ணம் என்ன ஆயிற்று என்பதைத் துறவிகளின் ஒழுக்க விதிகளைத் தொகுத்த வினய நூல் மறக்காமல் சொல்கிறது. அதைத் துண்டு துண்டாக உடைத்து, துறவிகளின் கண் மைக்குச் சேர்மானமாக அரைத்துக் கொடுக்கச் சொன்னார் புத்தர். நான் இந்த வரியை முதலில் சாதாரணமாகத்தான் படித்தேன். பல மாதங்கள் கழித்து, இந்த மரச்சிற்பத்தை நினைத்துக்கொண்டிருந்தபோது திடுக்கென்று நினைவுக்கு வந்தது. அழகாக இருந்த ஒரு மரப் பொருளை, அழகாக வைத்துக்கொள்ளாதே, உடை, அரை, கண் வலிக்கிறவனுக்குக் கொடு என்று சொல்லியிருக்கிறார்.

வடபுலப் பௌத்த மரபில் கதை இன்னும் நீள்கிறது. நீ நிர்வாணம் அடையக் கூடாது, உலகத்திலேயே இருந்து மக்களுக்கு உதவு என்று புத்தர் இவரைப் பணித்தாராம். அசோகர் காலத்திலும் இவர் உயிரோடு வந்ததாக ஒரு கதை உண்டு: கண்ணை மறைக்கும் அளவுக்கு நீண்டு தொங்கிய புருவத்தைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மன்னரைப் பார்த்தாராம். அந்தக் கிழ முகம்தான் நாராவில் பார்க்கிற முகம். ஜப்பானில் இவரை மண்டபத்துக்கு வெளியே வைப்பதற்குக் காரணம் கேட்டால், பதினாறு அரஹந்தர்களின் வரிசையிலிருந்து விலக்கப்பட்டவர், அதனால்தான் வெளியே என்பார்கள்.

வெளியே நிறுத்துவது என்ற சொல் நம் காதில் வேறு விதமாக விழும். திருப்புன்கூர் வாசலில் நின்ற நந்தனாரை நினைக்காமல் எனக்கு அதைக் கேட்க முடியாது. நந்தனார் எந்தத் தவறும் செய்யவில்லை. பிறப்பைச் சொல்லி வெளியே நிறுத்தினார்கள். இவரோ செய்த செயலுக்காக வெளியே வந்தவர். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது நந்தனாருக்குச் செய்கிற அநியாயம். ஆனாலும் பெரிய மண்டபத்தின் வாசலில், உள்ளே போகாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பார்த்தால் மனம் கேட்பதில்லை.

அம்மா வந்த நாள்

2018 நவம்பரில் அம்மா என்னோடு மூன்று வாரம் இருக்க வந்தார். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இடது கால் சரியாக மடங்காது. ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது. விமானப் பயணம் அவருக்கு ஆகாது. அண்ணன் பார்த்துக்கொள்கிறேன் என்று பிடிவாதமாகச் சொல்லி அம்மாவை அனுப்பிவைத்தான். நான்கு ஆண்டுகளில் அம்மா அப்பாவை விட்டுத் தள்ளியிருந்தது அந்த மூன்று வாரங்கள் மட்டும்தான்.

அம்மாவுக்கும் முழங்கால் வலி. புடவைக்கு மேல் என் கம்பளிச் சட்டை, காலில் கான்வாஸ் காலணி என்று நாரா முழுக்க மெல்ல மெல்ல நடந்தார். பெரிய புத்தரின் முன்னால் வெகு நேரம் நின்றார். பதினைந்து மீட்டர் உயரத்து வெண்கலம். இவருக்குக் கண் திறந்த 752ஆம் ஆண்டுச் சடங்கில் தூரிகை பிடித்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி என்று சொன்னேன். ‘நம் ஊர் ஆளா?’ என்று சந்தோஷப்பட்டார். அந்தத் தூரிகையில் நீளமான கயிறு கட்டி, கூடியிருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள் என்று சொன்னபோது, ‘தேர் வடம் மாதிரி’ என்றார். எத்தனையோ புத்தகங்களில் படித்தும் எனக்குத் தோன்றாத ஒப்புமை அது.

வெளியே வந்ததும் அம்மாவின் கண் பின்சுருவின் மேல் விழுந்தது. யார் இது, ஏன் வெளியே இருக்கிறார் என்று கேட்டார். கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். நான் சொல்லி முடித்ததும், ‘அப்படியானால் இன்னும் இவரை உள்ளே கூப்பிடவில்லையா?’ என்று கேட்டார். இல்லை என்றேன். ‘பாவம், குளிர் காலமாயிற்றே’ என்றார்.

தடவுகிற வழக்கத்தையும் சொன்னேன். என் விரதத்தைச் சொல்லவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. ஒரு தடவை தொட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு வயதான ஜப்பானியப் பெண்மணி அவர் தோளைத் தொட எட்டிப் பார்த்து, எட்டாமல், மேலங்கியின் மடிப்பைத் தொட்டுத் தன் தோளில் ஒற்றிக்கொண்டு விலகினார். அம்மா முன்னால் போனார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். பிறகு பின்சுருவின் இடது முழங்காலில் கையை வைத்தார். வைத்த இடத்தில் மரம் மற்ற இடங்களைப் போலச் சொரசொரப்பாக இல்லை. பழைய வீட்டு ஊஞ்சல் பலகையைப் போல மழமழவென்று மின்னியது. நான் எதிர்பார்த்தது மற்றவர்கள் செய்வதுபோல் ஒரு தொடல், ஒரு தடவல். அம்மா அப்படிச் செய்யவில்லை. தொடையின் கீழ்ப்பகுதியில் தொடங்கி உள்ளங்கையை அழுத்தி முழங்கால் வரை இழுத்தார். முழங்கால் சில்லின் இரு பக்கமும் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் சுற்றினார். மறுபடி மேலிருந்து கீழே.

அந்தக் கை போகும் வழி எனக்குத் தெரியும். ஒவ்வொரு ராத்திரியும் ஒன்பது மணிக்கு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அப்பாவின் இடது காலுக்குத் தைலம் தேய்க்கும் கை அது. அதே அழுத்தம், அதே சுற்று, முடிக்கும்போது ஆடுசதையில் லேசாக ஒரு தட்டு உட்பட. மரத்துக்கும் அந்தத் தட்டு கிடைத்தது.

தேய்த்து முடித்த கையை அம்மா தன் முழங்காலில் வைக்கவில்லை. மூடிக்கொண்டார். ‘உன் காலில் தடவிக்கொள் அம்மா’ என்றேன். ‘எனக்கு இல்லை. அப்பாவுக்கு’ என்றார். இடது கையாலேயே பையைத் திறந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, வலது கையை அதில் நன்றாக ஒற்றி, கைக்குட்டையை நான்காக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டார். அப்படியெல்லாம் செய்வது இங்கே வழக்கம் இல்லை அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். ‘கோயிலுக்கு வர முடியாதவர்களுக்கு விபூதியை மடித்துக்கொண்டு போவதில்லையா?’ என்று கேட்டுவிட்டுப் படியிறங்க ஆரம்பித்தார், கம்பியைப் பிடித்து, ஒரு படிக்கு இரண்டு கால் வைத்து. அந்த முழங்கால்களுக்கு எதுவும் கேட்கவே இல்லை.

அன்று ரயிலில் அம்மா தூங்கிவிட்டார். நான் விழித்திருந்தேன். அத்தனை நாள் கோபத்துக்கு நடுவில் ஏதோ ஒன்று கழன்றுவிட்டிருந்தது.

உள்ளே இருந்தால் பத்திரமா?

கோபம் கழன்றதே தவிர கேள்வி போகவில்லை. அம்மா திரும்பிப் போன பிறகு அதைப் பல பக்கமிருந்தும் யோசித்துப் பார்த்தேன். உள்ளே இருப்பது பத்திரம், வெளியே இருப்பது ஆபத்து என்பது என் வாதத்தின் அடித்தளம். தோதைஜியின் வரலாற்றையே எடுத்துக்கொண்டு பார்த்தால் அந்த அடித்தளம் ஆடுகிறது. பெரிய புத்தரின் மண்டபம் 1180இல் எரிந்தது. 1567இல் மறுபடி எரிந்தது. இப்போது நாம் பார்ப்பது 1709இல் முடிந்த மண்டபம். முதலில் இருந்ததைவிட அகலம் குறைந்தது. மண்டபத்துக்கு எதிரே, முற்றத்தில், கூரையே இல்லாமல் ஓர் எண்கோண வெண்கல விளக்கு நிற்கிறது. அது 8ஆம் நூற்றாண்டிலிருந்து நிற்பது. மண்டபம் இரண்டு தடவை தீக்கிரையாகியும் வெட்டவெளியில் நின்ற விளக்கு பிழைத்திருக்கிறது. வெண்கலத்தையும் மரத்தையும் ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் அந்த விளக்கின் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் என் வாதம் சுருங்கிப் போகும்.

நாகானோவில் செங்கோஜி என்ற கோயிலில் இன்னொரு பின்சுரு இருக்கிறார். அவரைப் பிரதான மண்டபத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். அவரையும் எல்லாரும் தடவுகிறார்கள். முந்நூறு ஆண்டுத் தடவலில் கண், மூக்கு, வாய் எல்லாம் மழுங்கி முகம் கூழாங்கல் போல் ஆகிவிட்டது. 2023 ஏப்ரல் 5ஆம் தேதி ஒருவர் அவரைத் தூக்கிக்கொண்டே போய்விட்டார். அன்றைக்கே மத்சுமோதோவில் கண்டுபிடித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது நான் ஊருக்குத் திரும்பி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. இருந்தும் கை நடுங்கியது. மழுங்கிய அந்த முகத்தின் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பென்றால் அதைச் சேதம் என்று மட்டும் சொல்லியிருப்பேன். இப்போது, கண் மங்கியவர்கள், தலைவலிக்காரர்கள், பல்வலிக்காரர்கள் எத்தனை பேர் வந்திருந்தால் ஒரு முகம் இப்படி ஆகும் என்றுதான் கணக்குப் போடத் தோன்றியது.

தோதைஜி எழுந்ததும் ஒரு நோயின் பின்னால்தான். 735 முதல் 737 வரை ஜப்பானைப் பெரியம்மை சூறையாடியது. மக்களில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை மாண்டிருக்கலாம் என்று வரலாற்றாளர்கள் மதிப்பிடுகிறார்கள். அரசவையை ஆட்டிவைத்த ஃபுஜிவாரா சகோதரர்கள் நால்வரும் ஒரே ஆண்டில் செத்துப் போனார்கள். 743இல் ஷோமு பேரரசர் பெரிய புத்தரை வார்க்க ஆணையிட்டார். அந்த ஆணையில், ஒரு புல்லோ ஒரு பிடி மண்ணோ கொண்டுவந்து உதவ விரும்புகிறவனையும் தடுக்காதீர்கள் என்று ஒரு வரி வருகிறது. சிவப்பு பெரியம்மையை விரட்டும் நிறம் என்ற நம்பிக்கையும் ஜப்பானில் வெகு காலம் இருந்தது. வாசலில் உட்கார்ந்திருப்பவரின் சிவப்புக் குல்லாயை அதற்குப் பிறகு நான் அலங்காரமாகப் பார்த்ததில்லை.

இதனால் நான் முழுக்க மாறிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். வெடிப்புகளைப் பற்றி இன்னும் கவலைப்படுகிறேன். பூச்சி அரிக்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டும், இணைப்புகள் தளர்ந்தால் இறுக்க வேண்டும், மேல்பூச்சு உதிரும் இடங்களில் மரத்துக்கு ஈரம் இறங்காமல் காக்க வேண்டும். காப்பது என்றால் தொடாமல் வைப்பது என்று மட்டும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த எண்ணம்தான் போனது. அவரைக் கண்ணாடிக்குள் வைத்தால் மரம் இன்னும் சில நூறு ஆண்டுகள் கூடுதலாக நிற்கும். அம்மாவின் கைக்கு அங்கே இடம் இருக்காது.

கைக்குட்டை

அப்பா பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். சாமி, சடங்கு எதிலும் நம்பிக்கை இல்லாதவர். அம்மா ஊருக்குப் போன அன்று ராத்திரி வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். அண்ணன் கைபேசியைக் கட்டில் பக்கம் திருப்பினான். மடித்த வெள்ளைக் கைக்குட்டை அப்பாவின் இடது முழங்காலில் இருந்தது. நம்புகிறீர்களா அப்பா என்று கேட்டேன். ‘இவள் வழி முழுக்க விமானத்தில் இதைக் கையிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்’ என்றார். கேட்ட கேள்விக்கு அதுதான் பதில் என்பதுபோல் பேச்சை மாற்றிவிட்டார். கால் குணமாகவில்லை. தைலமும் நிற்கவில்லை.

2020 பிப்ரவரி கடைசியில், ஒசாகாவைக் காலி செய்வதற்கு முன் கடைசியாக ஒரு தடவை நாராவுக்குப் போனேன். முகக்கவசம் போட்ட சிலர் மட்டும் இருந்தார்கள். மான்கள் பசியோடு பின்னால் வந்தன. தாழ்வாரத்தில் அவர் முன்னால் வரிசையே இல்லை. கையுறையைக் கழற்றி அவருடைய இடது முழங்காலில் கையை வைத்தேன். விரல் நுனிக்கு மரம் சில்லென்றிருந்தது. உள்ளங்கை முழுவதையும் வைத்துச் சற்று நேரம் நின்ற பிறகு அந்த இடம் மெல்லச் சூடாயிற்று. அம்மாவைப் போல எனக்குத் தேய்க்கத் தெரியவில்லை, வெறுமனே வைத்துக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்தே அம்மாவைக் கூப்பிட்டேன். எங்கே இருக்கிறேன் என்று சொன்னதும், ‘இன்னும் வெளியேதான் இருக்கிறாரா?’ என்று கேட்டார். ஆமாம் என்றேன். ‘குல்லாய் போட்டிருக்கிறாரா?’ என்றார். போட்டிருக்கிறார் அம்மா, போன தடவை பார்த்ததைவிடச் சிவப்பாக இருக்கிறது, புதிதாக மாற்றியிருக்கிறார்கள் போலிருக்கிறது என்று சொன்னேன். ‘நல்லது’ என்றார் அம்மா. பின்னால் தைலப் புட்டியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.